குளிர் போதாத காடு

வெள்ளி இரவு, விற்னி

ரொறன்ரோவில் புல் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. வடக்கே ஏறி ஹன்ற்ஸ்வில் வரும்வரை கார்க் கண்ணாடியில் வெறும் தூறல். அங்கே 60ஆம் இலக்க வீதியில் கிழக்கே திரும்பிக் கொஞ்சத் தூரம் ஓடியதும் தூறல் பனியாகிவிட்டது. அல்கொன்குயினின் மேற்கு வாசலை அடையும்போது வீதியோரத்தில் கணுக்கால் அளவுக்குப் பனி கிடந்தது.

மாகாணப் பூங்கா என்று பெயரே தவிர, இது 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த காடு. யாழ்ப்பாண மாவட்டம் ஏழு தடவை உள்ளே அடங்கும். 1893இல் ஒன்ராறியோ அரசு ஒதுக்கி வைத்தது. காரில் போகிறவர்களுக்குக் கிடைப்பது அதன் தெற்குப் பக்கத்தை ஊடறுத்துப் போகும் 60ஆம் இலக்க வீதியின் 56 கிலோமீற்றர் மட்டும். அந்த வீதியில் எல்லாவற்றுக்கும் கிலோமீற்றர்தான் விலாசம். மேற்கு வாசலில் சுழியத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டு போகவேண்டும். மேற்கே மேடான நிலமெல்லாம் மேப்பிள். இப்போது இலையில்லாமல் குச்சி குச்சியாக நிற்கிறது. தாழ்ந்த ஈரநிலங்களில் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். எங்களுக்கு வேண்டிய குருவிகள் அந்த ஸ்ப்ரூஸில்தான் இருக்கின்றன.

டிசெம்பர் தொடக்கத்தில் ஏன் இங்கே என்று வீட்டில் கேட்டார்கள். கோடையில் பாடும் குருவிகள் எல்லாம் தெற்கே போய்விட்டன, நுளம்பும் போய்விட்டது, கூட்டமும் போய்விட்டது. மிச்சம் இருப்பவை குளிரோடு வாழத் தெரிந்தவை மட்டும். அவற்றைப் பார்க்கத்தான்.

ஒரு பறவை பார்ப்போர் குழு, நாலு கார். வழிகாட்டியாக வந்தவர் அறுபது தாண்டிய ஒரு பெண்மணி, இந்தக் காட்டை எங்கள் குசினியைப்போல் அறிந்தவர். தமிழ் ஆட்கள் என்று பார்த்தால் நான், ஊரில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்ரர், மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு அக்கா, பெரிய லென்ஸோடு அவருடைய மகன். கிழக்கு வாசலுக்கு வெளியே உள்ள விற்னி என்ற சின்ன ஊரில் மோட்டல் எடுத்திருக்கிறோம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டதிட்டம் சொன்னார்கள். சரசரக்கும் நைலோன் மேலங்கி வேண்டாம். பத்து அடி நடந்தால் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும், ஏனென்றால் பனியில் பூட்ஸ் போடும் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடக் கூடாது. கடைசிச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் குரலுக்கு ஓடிவரும் பறவை எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் வருகிறது. குளிர்காலத்தில் அந்த ஓட்டத்துக்கு அது கொடுக்கும் விலையை நாங்கள் கொடுப்பதில்லை.

சனி

விடிய ஏழே முக்காலுக்கு ஸ்ப்ரூஸ் பொக் நடைபாதை. 42ஆவது, 43ஆவது கிலோமீற்றர்களுக்கு இடையில். மைனஸ் 13, காற்றில்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டால் கண்ணாடி உறைந்துவிடும். மூச்சைத் தோளுக்கு மேலால் விடவேண்டும் என்று பழக அரைமணித்தியாலம் போயிற்று.

நடை ஒன்றரைக் கிலோமீற்றர்தான். அதற்கு எங்களுக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது. சதுப்பின்மேல் பலகை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கையளவு தடிப்பில் ஸ்ப்ரூஸ் மரங்கள், பார்த்தால் கன்றுகள் என்றுதான் நினைப்போம். பாசி ஊறிய புளிப்பு மண்ணில் அவை அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். நூறு வயதுக்காரர்களும் அதற்குள் நிற்கலாம். நடுவில் ராமராக் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் வகை. புதிதாக வந்த ஒருவர் 'எல்லாம் பட்டுப்போச்சு' என்று கவலைப்பட்டார்.

முதல் கால்மணி நேரம் ஒன்றுமில்லை. குளிர்காலக் காடு அப்படித்தான்: நீண்ட வெறுமை, அப்புறம் எல்லாம் ஒரே இடத்தில். கருந்தொப்பிச் சிக்கடீயின் சத்தம் கேட்டால் அதன் பின்னால் போகவேண்டும் என்பது இங்கே அரிச்சுவடி. சிக்கடீக் கூட்டத்தை நம்பித்தான் மற்றச் சின்னக் குருவிகள் திரிகின்றன, பல கண்கள் பார்த்தால் பருந்துக்குத் தப்பலாம் என்பதால். சத்தம் கேட்டது, நின்றோம், ஐந்து நிமிடத்தில் தலைக்கு மேல் முழுக் கூட்டமும் வந்துவிட்டது: சிக்கடீகள், தலைகீழாக மரம் இறங்கும் செம்மார்பு நத்ஹாட்ச் ஒன்று, கடைசியாக, கிளை நுனியில் படபடத்துக்கொண்டு பொன்முடிக் கிங்லெற் இரண்டு.

கிங்லெற் நிறை ஆறு கிராம் அளவுதான். கொழுப்புச் சேர்த்து வைக்க உடம்பில் இடமில்லை, வித்தும் தின்னாது. மைனஸ் 30 இரவை அது எப்படித் தாண்டுகிறது? பேர்ண்ட் ஹைன்றிக் என்ற உயிரியலாளர் மெய்ன் மாநிலக் காட்டில் இதே கேள்வியோடு பல குளிர்காலம் அலைந்தார். பகலெல்லாம் கிளைகளில் உறைந்து கிடக்கும் சின்னஞ்சிறு மயிர்க்கொட்டிப் புழுக்களைப் பொறுக்கித் தின்கின்றன, இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்தாக உறங்குகின்றன என்று கண்டார். சிக்கடீ வேறு வழி: இரவில் தன் உடல் வெப்பத்தையே பத்துப் பாகை அளவுக்கு இறக்கிவிடும். பதினொரு கிராம் உடம்பு, விடியும்போது மறுபடி சூடாக்கி எழும்பவேண்டும்.

மாஸ்ரர் இதைக் கேட்டுவிட்டுத் தன் நாலு அடுக்கு உடுப்பையும் தடவிப் பார்த்தார். 'எனக்கு இரண்டு வழியும் தெரியேல்லை' என்றார்.

நடைபாதையின் இரண்டாவது பலகைப் பாலத்துக்குக் கிட்ட, வழியிலேயே ஒரு ஸ்ப்ரூஸ் கிறவுஸ் நின்றது. கோழியளவு, ஆண், கண்ணுக்கு மேலே சிவப்புப் பட்டை. நாங்கள் நின்றோம், அது நிற்கவில்லை. எங்கள் பூட்ஸுக்குப் பக்கத்தால் நடந்து போய் மரத்தில் ஏறி ஊசியிலையைக் கடிக்கத் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. சத்துக் குறைந்த சாப்பாடு என்பதால் வருடாவருடம் இந்தக் காலத்தில் அதன் குடலே நீண்டுகொள்ளும். மனிதரைக் கண்டு பயப்படாததால் இதை முட்டாள் கோழி என்பார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. அசையாமல் நின்று நரிக்கும் பருந்துக்கும் தப்புகிற முறையைத்தான் அது எங்களிடமும் செய்துபார்க்கிறது. துவக்கோடு வருகிற இனம் பிறகுதானே வந்தது.

அக்காவின் மகனுக்குக் கமரா பற்றரி ஒரு மணித்தியாலத்தில் செத்துவிட்டது. அப்புறம்தான் பொடியன் பறவை பார்க்கத் தொடங்கினான். கருமுதுகு மரங்கொத்தியைக் கண்டுபிடித்ததும் அவன்தான். பட்டுப்போன ஸ்ப்ரூஸ் ஒன்றின் கீழே பனியின்மேல் புதிதாய் உரிந்த பட்டைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அண்ணாந்து பார்த்தால் மேலே பறவை. இது துளை போடுவதைவிடப் பட்டையைச் செதில் செதிலாகத் தட்டிக் கழற்றி உள்ளே இருக்கும் வண்டுப்புழுவை எடுக்கும். காலில் மூன்று விரல், ஆணுக்கு உச்சியில் மஞ்சள். ஸ்ப்ரூஸ் பட்டைக்கு முன்னால் அதன் கறுப்பு முதுகு மறைந்துபோகிறது. பட்டைத் துண்டு விழாவிட்டால் எல்லோரும் கடந்து போயிருப்போம்.

இனிக் கனடா ஜே. வாகனம் நிறுத்தும் இடத்துக்குத் திரும்பி வந்து பிளாஸ்கைத் திறந்தோம், சோடி வந்துவிட்டது. சத்தமே இல்லை. சாம்பல் உடம்பு, வெள்ளை முகம், கறுப்பு உச்சி, பெரிய கண். நிறை எழுபது கிராம் அளவில். மாஸ்ரரின் கையிலிருந்த றோல்ஸில் ஒன்றுக்குக் கண். வழிகாட்டி உப்பில்லாத கச்சானைக் கொடுத்தார். ஒன்று என் விரல் நுனியில் வந்து இருந்து, ஒரு கொட்டையை வாயில் அடக்கி, இரண்டாவதையும் அடக்கி, ஸ்ப்ரூஸுக்குள் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் மீண்டும் வந்தது. அக்கா 'எங்களைப் பிடிச்சுப் போச்சு' என்றார். இல்லை அக்கா, அது கணக்கு. தின்பதற்கு எடுத்துப் போகவில்லை. வாயில் ஒட்டும் எச்சிலில் உருட்டி மரப்பட்டை இடுக்கிலும் பாசிக்கு அடியிலும் ஒட்டிவைக்கத்தான் போனது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில், இப்படி ஆயிரக்கணக்கில். குளிர்காலம் முழுக்க இடத்தை நினைவில் வைத்து எடுத்துத் தின்னும். அதோடு பெப்ரவரி கடைசியில், பனி இடுப்பளவு கிடக்கும்போதே கூடு கட்டி முட்டையிட்டு, குஞ்சுக்கும் அந்தச் சேமிப்பிலிருந்தே ஊட்டும்.

இரண்டின் காலிலும் நிற வளையங்கள். வழிகாட்டி கொப்பியை எடுத்து நிறங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டார். இந்தக் காட்டின் ஜேக்களை 1960களிலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பார்த்துவருகிறார்கள். ரசல் ரட்டர் என்ற பூங்கா இயற்கையாளர் தொடங்கினார், டான் ஸ்ரிக்லண்ட் பல தசாப்தங்கள் கொண்டுபோனார், இப்போது குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் றையன் நொறிஸ் குழுவும் சேர்ந்திருக்கிறது. குடும்பக் கதைகளும் அதில் வந்தன. ஜூனில் குஞ்சுகள் தங்களுக்குள் சண்டை பிடித்து, வென்ற ஒன்று பெற்றோரோடு தங்கும், மற்றவை துரத்தப்படும். துரத்தப்பட்டவற்றில் பெரும்பாலானவை இலையுதிர்காலத்தைக் காண்பதில்லை. அவ்வளவு அப்பாவி முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்பது ஒரு மாதிரித்தான் இருந்தது.

ஞாயிறு

இரவோடு இரவாகக் காற்றுத் திரும்பிவிட்டது. விடிய எழும்பினால் மோட்டல் கூரையிலிருந்து சொட்டுகிறது. பிளஸ் 4. எல்லோருக்கும் சந்தோசம், கையுறையைக் கழற்றிவிட்டு நின்று கோப்பி குடித்தோம். வழிகாட்டி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். கால்வலியாக்கும் என்று நினைத்தேன். 'ஜேயின் ஃப்ரீஸர் நிண்டுபோச்சு' என்று மாஸ்ரர் தமிழில் எனக்குச் சொன்னபிறகுதான் விளங்கியது.

விஷயம் இதுதான். ஜே கெட்டுப்போகும் சாமான்களையும் சேர்க்கிறது: பூச்சி, காளான், செத்த மிருகத்தின் இறைச்சித் துண்டு. இவை வசந்தம் வரை கெடாமல் கிடப்பது குளிரால் மட்டும். இலையுதிர்காலம் நீண்டு, உறைந்ததும் உருகியதுமாக மாறி மாறி வந்தால் சேமிப்புப் பழுதாகும், அல்லது சத்துப் போகும். அந்தத் தாக்கம் அடுத்த மாசி பங்குனியில் குஞ்சுகளில் தெரிகிறது. இங்கே ஆய்வுப் பகுதியில் ஜேக்களின் தொகை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அதிலும் மேப்பிள் கூடிய இடங்களில்தான் முதலில் காலியாயின. ஸ்ப்ரூஸும் பைனும் கூடிய இடங்களில் இன்னும் நிற்கின்றன, ஊசியிலை மரத்தின் பட்டையும் பிசினும் உணவைக் கூடநாள் காப்பதால் என்று ஸ்ரிக்லண்ட் விளக்கினார். அல்கொன்குயின் இந்தப் பறவையின் பரப்பில் தெற்கு ஓரம். ஓரத்தில்தான் முதலில் தெரியும்.

குளிர் கூடினால் குருவி சாகும் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். குளிர் போதாமல் போய்க் குருவி பட்டினி கிடப்பதைக் கற்பனை செய்யவே கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

மழைத்தூறலில் காட்டுக்குள் கேட்க ஒன்றுமில்லை, எல்லாக் கிளையும் சொட்டுகிறது. ஆகவே 43ஆவது கிலோமீற்றரில் உள்ள பார்வையாளர் நிலையத்துக்குப் போனோம். பூங்காவின் நூற்றாண்டுக்கு 1993இல் திறந்த கட்டடம். பின்பக்க மேடையில் நின்றால் சண்டே கிறீக் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். குளிர்காலத்தில் அங்கே தீனித்தட்டு தொங்கவிடுகிறார்கள், அதற்கு இன்று ஈவினிங் குறோஸ்பீக் கூட்டம். கொழுத்த மஞ்சள் உடம்பு, பெரிய வெள்ளைச் சிறகுத்திட்டு, சூரியகாந்தி விதையை ஒரே கடியில் உடைக்கும் அலகு. தட்டுக்காகத் தங்களுக்குள் ஓயாத சண்டை.

இவ்வளவு சண்டைக்காரர் நிறைய இருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் கனடாவின் அருகிவரும் உயிரினங்களை மதிப்பிடும் குழு 2016இல் இதைச் சிறப்புக் கவனத்துக்குரிய இனமாக வகைப்படுத்தியது. ஸ்ப்ரூஸ் பட்வோர்ம் என்ற புழு காட்டை மொட்டையடிக்கும் வருடங்களில் இவை பெருகும், புழு குறைந்தால் இவையும் குறையும். அதைவிட வேறு காரணங்களும் உண்டு என்கிறார்கள். மொன்றியால் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவர், தன் சின்ன வயதில் வீட்டுத் தட்டு முழுக்க இவைதான், விதை வாங்கிக் கட்டாது என்று அம்மா திட்டுவார் என்று எங்களுக்குச் சொன்னார்.

குளிர்காலக் குருவிகள் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்துக்கு வருவதில்லை. வடக்கே ஸ்ப்ரூஸும் பேர்ச்சும் நன்றாகக் காய்த்தால் அங்கேயே தங்கும், காய்க்காவிட்டால் தெற்கே இறங்கும். எங்கே எந்த மரம் காய்த்திருக்கிறது என்று ஆட்களிடம் விசாரித்து, எந்தக் குருவி எங்கே வரும் என்று வருடாவருடம் முன்கூட்டிச் சொல்லிவந்தவர் ரொன் பிட்டவே. அவருக்குப் பிறகு ரைலர் ஹோர் அதைச் செய்கிறார். இந்தக் குழுவில் பாதிப்பேர் வானிலையைவிட அதைத்தான் கவனமாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

தட்டுக்குக் கீழே விழுந்த விதைக்கு வந்த அணிலைத் தேடி மார்ட்டின் என்ற காட்டு விலங்கு ஒன்று வந்தது. கீரியைவிடப் பருத்த உடம்பு, செம்மண்ணிறம், கழுத்தில் மஞ்சள் திட்டு. முழுக் கூட்டமும் கண்ணாடிப் பக்கம் ஓடியதில் அது காணாமல் போய்விட்டது. அணிலும்தான்.

திங்கள்

இரவு மீண்டும் மைனஸ் 9. நேற்று நனைந்த பனியெல்லாம் மேலே ஓடு கட்டிவிட்டது. பூட்ஸுக்கு அடியில் முள்ளுச் சங்கிலி இல்லாதவர்கள் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒப்பியோங்கோ வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தோம். ரஃப்ட் கிறவுஸ் ஒன்று பேர்ச் மரத்தில் மொட்டுத் தின்றுகொண்டிருந்தது. குளிர்காலத்துக்கென்று அதன் விரல் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி வரிசை வளரும், பனியில் புதையாமல் நடக்க. இரவில் பஞ்சுப் பனிக்குள் பாய்ந்து புதைந்து படுக்கும். உள்ளே வெளியைவிட எவ்வளவோ சூடு. இன்றைக்கு எங்கே படுக்கப்போகிறது என்று வழிகாட்டி கேட்டார். பனி கட்டிய ஓட்டைக் காலால் மிதித்துப் பார்த்தேன், என் பாரத்துக்கே மெல்ல மெல்லத்தான் உடைந்தது.

திரும்பி மேற்கே வரும்போது முன் கார் அவசர விளக்கைப் போட்டது. வீதி நடுவில் வெள்ளைச்சிறகுக் குறொஸ்பில் முப்பதுக்கு மேல். ஆண்கள் ரோசாச் சிவப்பு, பெண்கள் பச்சை மஞ்சள், எல்லோருக்கும் அலகு நுனி ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகும். அந்தக் குறுக்கலகைக் கூம்பின் செதிலுக்குள் விட்டுத் திறந்து நாக்கால் வித்தை எடுக்கும். கூம்பு நிறைய இருந்தால் தை மாதத்தில்கூடக் குஞ்சு பொரிக்கும். ஆனால் வீதிக்கு வருவது உப்புக்கும் கல்லுக்கும். பனி உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள், அதைப் பொறுக்க இவை வருகின்றன, லொறி வந்தாலும் லேசில் எழும்பாது. ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு நசிந்து கிடந்தன. கோர்ன் அடித்தும் போகவில்லை. கடைசியில் மாஸ்ரர் இறங்கி, கொக்குப் பிடிக்கப் போகிறவர் மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நடந்து துரத்தினார். எழும்பி ஸ்ப்ரூஸ் உச்சிக்குப் போய்விட்டு, எங்கள் கடைசிக் கார் நகர முன்னமே திரும்பவும் வீதியில் இறங்கின.

ஹன்ற்ஸ்வில்லில் கோப்பிக்கு நிறுத்திப் பட்டியலைச் சேர்த்தபோதுதான் சண்டை. ஒப்பியோங்கோ வீதியில் மண்நிறத்தொப்பிச் சிக்கடீ, அதாவது போரியல் சிக்கடீ, ஒன்றின் மூக்கால் இழுக்கும் குரலை மூன்று பேர் கேட்டார்கள். கண்டவர் எவருமில்லை. பட்டியலில் போடலாமா? வழிகாட்டி போடலாம் என்றார், குரல் தெளிவு. 'சத்தம் கேட்டாலே காணுமெண்டால் மோட்டலிலை பக்கத்து அறைக்காரரையும் போடுங்கோ' என்றார் மாஸ்ரர். கை உயர்த்தி வாக்கெடுத்ததில் சிக்கடீ வென்றது.

அடுத்தது கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பு. ஃபிராங்க் சப்மன் 1900இல் தொடங்கியது. நத்தாரன்று துவக்கோடு காட்டுக்குள் போய்ப் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்குப் பதிலாக எண்ணிப் பாருங்கள் என்றார். முதல் வருடக் கணக்கில் ரொறன்ரோவும் இருந்தது. 24 கிலோமீற்றர் விட்டமுள்ள வட்டத்தை ஒரே நாளில் பிரித்து எண்ணுவார்கள், அல்கொன்குயினிலும் உண்டு. வழிகாட்டி பெயர் எழுதும் தாளை நீட்டினார். அக்காவின் மகன் உடனே எழுதினான். அக்கா அவனுடைய சோதனைத் திகதியைப் போனில் பார்த்துவிட்டுத் தானும் எழுதினார். மாஸ்ரர் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மைனஸ் 25 வரை மட்டும்' என்று சேர்த்தார். வழிகாட்டி அந்தத் தமிழ் எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மைனஸ் 25 வந்தால் ஜேக்களுக்கு நல்லது, நீங்கள் காருக்குள் இருந்து எண்ணலாம் என்று சொல்லித் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.